சீக்கிரம் குணமாகிவிடாதீர்கள்

உங்களுக்கு எதற்கு இதெல்லாம்? வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் ஆராய்ச்சி. படுக்கச் சொன்னால் படுக்க வேண்டும். இருமச் சொன்னால் இரும வேண்டும். நாலு மணிக்கு டீ வந்தால் எழுந்து குடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய ரெக்கார்டிங்குகளைத் தோண்டி எடுத்து, "இந்த ஆன்டி மட்டும் ஏன் டீச்சர் ஒரே தடவையில ஒத்துக்க மாட்டேங்குறாங்க, நர்ஸுங்க பாவம் லா" என்று புகார் வேறு. டீச்சரும் உடனே எனக்குப் போன் போட்டுவிட்டார். வேலையை விட்டு வீட்டில் சும்மா கிடப்பவள்தானே, அவளே வந்து பதில் சொல்லட்டும் என்று.

பூச்சோங்கிலிருந்து எல்ஆர்டி ரயில் ஏறி வந்திருக்கிறேன். அதனால் சொல்லிவிட்டுத்தான் போவேன். நடுவில் போனை நோண்டினால் அப்படியே நிறுத்திவிடுவேன்.

நம் வேலையை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கஷ்டம். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போக நினைக்கும் நர்ஸுகள் ஒரு இங்கிலீஷ் பரீட்சை எழுதுகிறார்கள். அதில் பேச்சுக்கு ஒரு பகுதி. ஒருவர் நோயாளியாக உட்கார்ந்திருப்பார். அவரிடம் நர்ஸ் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பயத்தைக் கேட்க வேண்டும், விளக்கிச் சொல்ல வேண்டும், முரண்டு பிடிப்பவரை வழிக்குக் கொண்டுவர வேண்டும். நோயாளிக்கு என்ன வியாதி, என்ன பிடிவாதம் என்பதெல்லாம் ஒரு அட்டையில் இருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பழக்கிவிடத்தான் இந்த இடம். பழகுவதற்குக் கிடைத்த உடம்புதான் நாம். நோயாளிக்கு மார்க் கிடையாது. அதனால்தான் என் இங்கிலீஷை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்ட முடிந்தது.

நான் முதலில் இங்கே தரை துடைக்க வந்தவள். கேரி தீவுத் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கல்யாணம் ஆகிக் கிள்ளானுக்கு வந்தபின் ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கும் வேலை. அங்கே கவுன்டரில் நடந்த பேச்சைக் காதில் வாங்கிச் சேர்த்ததுதான் என் இங்கிலீஷ். ஒருநாள் இங்கே பயிற்சி நோயாளி வரவில்லை. டீச்சர் என் கையிலிருந்த மாப்பை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, "அஞ்சே நிமிஷம், வந்து படுங்க" என்றார். படுத்தேன். கிட்னியில் கல் என்றார். "ஐயோ, சிஸ்டர்" என்றேன். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வேறொருவர் தரை துடைத்தார். அட்டையை வேகமாகப் படிக்க எனக்கு வராது. டீச்சர் இரண்டு தடவை வாசித்துக் காட்டுவார், நான் கண்ணை மூடி வாங்கிக்கொள்வேன்.

இந்த அறையை இப்போது பார்த்தால் சின்னதாக இருக்கிறது. அப்போது எனக்கு இது ஒரு ஊர் மாதிரி. கீழே பூக்கடை, மழை வந்தால் மல்லிகை வாசம் படியேறி மேலே வந்துவிடும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மோனோரயில் யாரையும் எழுப்பாமல் போவதுபோலப் போகும். நீலத் திரையை இழுத்துவிட்டால் வெயில்கூட நீலமாகத்தான் உள்ளே வரும். அதில் படுத்தால் எனக்கு நிஜமாகவே உடம்பு கனத்துவிடும். என்னென்ன வந்திருக்கிறது எனக்கு. இதயத்தில் அடைப்பு, பித்தப்பை, பந்து விளையாடி முறிந்த முழங்கால். அறுபது வயதுக்கு மேல் நாலு பிரசவம். எழுந்து வீட்டுக்குப் போகும்போது எந்த வியாதியைக் கட்டிலில் விட்டேன், எதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றே தெரியாது. ரயிலில் உட்கார்ந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒருமுறை மயக்கம் தெளியும் நோயாளி என்று அட்டை. வெளியே நல்ல மழை. நான் தெளியவே இல்லை. காஜாங்கிலிருந்து வந்த ஆண் நர்ஸ் ஒருவர். அவருக்கு நான் தூங்குகிறேன் என்று தெரியாது. இதுவும் பரீட்சையில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு ஐந்து நிமிடமும் என் காதோரம் மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். டீச்சர் அவருக்குக் குரலுக்கு முழு மார்க் போட்டார். என்னை எழுப்பி, "உங்களுக்கும் போடணும்னுதான் ஆசை, எங்க போடறதுன்னு தெரியல" என்றார்.

சரி, கதைக்கு வருகிறேன். டீச்சர் பலகையில் வரையும் ஏணி உங்களுக்குத் தெரியும். உச்சியில் 'செய்தே ஆகணும்' என்கிற மஸ்ட், அடுத்த படியில் ஷுட், அதற்குக் கீழே குட், தரையில் 'செய்தாலும் செய்யலாம்' என்கிற மைட். நான் கட்டிலில் படுத்தபடியே அந்தப் பாடத்தை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஏணியாகப் படவில்லை, அடுப்புத் திருகாகத்தான் பட்டது. மஸ்ட் முழுத் தீ. மைட் என்றால் தீ எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டும். எதை எந்தத் தீயில் வைப்பது என்பதுதான் அந்தப் பரீட்சை.

ஸ்டெல்லா எல்லாவற்றையும் முழுத் தீயில் வைப்பவள்.

கிள்ளானிலிருந்து வந்தாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். அவள் வீட்டுக்காரரும் நர்ஸ்தான். முதல் தடவையிலேயே தேறி அயர்லாந்து போய்விட்டார். அவர் சேர்ந்த ஆஸ்பத்திரியிலேயே இவளுக்கும் இடம் வைத்திருந்தார்கள். இவள் பேச்சுப் பகுதியில் மட்டும் இரண்டு தடவை தவறிவிட்டாள். இந்த மூன்றாவது தடவையும் போனால் அந்த இடம் வேறு ஆளுக்கு. மகளுக்கு ஐந்து வயது. அப்பா என்றால் அந்தப் பிள்ளைக்குப் போனில் தெரியும் முகம்தான். சாப்பிடும்போது போனைத் தட்டுக்கு எதிரே நிறுத்தி வைத்துக்கொள்ளுமாம். சார்ஜ் தீர்ந்தால், "அப்பா வேலைக்குப் போயிட்டாரு" என்று சொல்லுமாம்.

முதல் நாள் நான் சாப்பிட மறுக்கும் நோயாளி. ஸ்டெல்லா திரையை விலக்கி வந்தாள். என் காலடியில் சுருண்டிருந்த போர்வையை நீவிவிட்டாள். பிறகு இடுப்பில் கையை வைத்து, "ஆன்டி, மஸ்ட் ஈட். கெனாட் லைக் திஸ். மெடிசின் ஆல்சோ மஸ்ட் ஃபினிஷ்" என்றாள். நான் பயந்துபோய் இல்லாத கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டேன்.

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஸ்டெல்லா, அங்க நோயாளிதான் முடிவெடுப்பாரு. நீங்க உத்தரவு போட்டா மார்க் போயிரும்."

"டீச்சர், எங்க வார்டுல மஸ்ட்னு சொல்லலேன்னா அன்பு இல்லேன்னு நெனைப்பாங்க," என்றாள் ஸ்டெல்லா. "போன மாசம் ஒரு அம்மாகிட்ட நீங்க சொல்ற மாதிரி மெதுவா பேசிப் பார்த்தேன். அவங்க என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'ஏம்மா, என்னைத் திட்டவே மாட்டேங்குற, நான் செத்துப் போயிருவேனா'ன்னு கேட்டாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. நான் போர்வைக்குள் சிரித்தேன்.

மறுநாளிலிருந்து டீச்சர் அவள் தீயைக் குறைக்க ஆரம்பித்தார். மஸ்ட்டை எடுத்துவிட்டு மைட்டை வைப்பது, கெனாட்டை எடுத்துவிட்டு பெர்ஹாப்ஸ் போடுவது. ஸ்டெல்லா நல்ல மாணவி, சொன்னதைச் செய்வாள். இரண்டு வாரத்தில் அவள் பேச்சு பூப்போல ஆகிவிட்டது. நடைப்பயிற்சி செய்வது நல்லதாக இருக்கக்கூடும் என்பாள், மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதைப்பற்றி யோசித்துப் பார்க்கலாமோ என்பாள். நானும் தலையாட்டுவேன். "ஓகே, சிஸ்டர், ஐ டேக்." "ஓகே, சிஸ்டர், ஐ வாக்."

ஏன் தலையாட்டினேன் என்றால், எனக்கு அவளைப் பிடித்திருந்தது. ராத்திரி டியூட்டி முடித்து, பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, தூங்காமல் கொமுட்டர் ரயில் பிடித்து வருவாள். கண்ணெல்லாம் சிவந்திருக்கும். ஆனாலும் உட்காருவதற்கு முன்னால் என் காலடிப் போர்வையை நீவாமல் இருக்க மாட்டாள். என்னைப் போன்ற பொய் நோயாளிக்கே அப்படி. அந்தப் பெண்ணிடம் எப்படி முரண்டு பிடிப்பது? அட்டையில் "ஒத்துக்கொள்ளாதே" என்று இருந்தாலும் இரண்டாவது நிமிடத்திலேயே ஒத்துக்கொள்வேன். அவள் முகம் மலரும். அவள் சந்தோஷமாகப் படியிறங்கிப் போவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது டீச்சர் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார். பழகாத ஆள் நோயாளியாக இருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்தார். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, அட்டையில் இருந்ததைச் செய்தார். "நோ, சிஸ்டர், ஐ டோன்ட் வான்ட்" என்றார். ஸ்டெல்லா ஒரு மைட் போட்டாள். "நோ" என்றார். ஒரு குட் போட்டாள். "நோ" என்றார். பிறகு அவளிடம் ஒன்றும் இல்லை. மைட், மேபி, பெர்ஹாப்ஸ் என்று மூன்றையும் மாற்றி மாற்றி, குரல் தேய்ந்து தேய்ந்து, ஐந்து நிமிட மணி அடிக்கும் முன்னாலேயே நின்றுவிட்டாள்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே பூக்கடைக்காரர் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஆன்டிகிட்ட பேசினா வருது," என்றாள். "வெளியாளுங்ககிட்ட வரல. ஏன்னே தெரியல."

எனக்குத் தெரிந்தது. அவள் பேச்சு வேலை செய்ததால் நான் குணமாகவில்லை. நானாகவே, அவளுக்காக, சீக்கிரம் சீக்கிரமாகக் குணமாகிக்கொண்டிருந்தேன். பிடிகொடுக்காத நோயாளியிடம் அவள் ஒரு தடவைகூடப் பேசிப் பழகவில்லை. மூன்று வாரமாக நான் அவளுக்குச் செய்த உதவி அதுதான்.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னும் ஆறு நாள்தான் இருக்கு. இப்ப எதையும் மாத்தினா உள்ள தைரியமும் போயிரும். பேசாம விட்டுருங்க."

அவர் சொன்னதும் நியாயம்தான். பரீட்சை நேரத்தில் பிள்ளையைக் கலைக்கக் கூடாது. விட்டுவிட்டால் அவள் தைரியமாகப் போய்த் தோற்பாள். விடாவிட்டால் இப்போதே உடைந்துபோகலாம். நான் இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு யோசித்துப் பழக்கம் இல்லை, தலைவலி வந்துவிட்டது. மூன்றாவது நாள், "டீச்சர், ஒரே ஒரு தடவை எனக்கு அட்டை வேணாம். என் இஷ்டத்துக்கு விடுங்க" என்றேன்.

"அழ வச்சிராதீங்க."

"நான் யாரை அழ வச்சேன் டீச்சர், சிரிக்க வச்சுத்தான் பழக்கம்."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். டீச்சருக்கே இது ரொம்ப நாள் தெரியாது. என் வீட்டுக்காரர் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். சர்க்கரை இருந்தது. வலது காலில் ஒரு புண் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயது டாக்டர், ரொம்ப மரியாதையான பெண். கையைக் கட்டிக்கொண்டு நின்று, அங்கிள் இரண்டு மூன்று நாள் தங்கினால் நன்றாக இருக்கக்கூடும் என்று, மைட் போட்டுச் சொன்னது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மைட்டுன்னுதான் சொல்றாங்க. அப்படின்னா அவ்ளோ ஒண்ணும் இல்லலா. வா, வீட்டுக்குப் போவோம்." ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுத்தபடி பேசியது. நம் ஆட்களுக்குப் பெரிய விஷயம் என்றால் யாராவது சத்தம் போட வேண்டும். சத்தம் இல்லாவிட்டால் விஷயம் இல்லை. ஒரு வாரம் கழித்து அதே ஆஸ்பத்திரிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். திரும்பி வரும்போது அவர் இல்லை.

அன்றைக்கு நான் பக்கத்திலேயேதான் நின்றேன். போகக் கூடாது என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கும் வீட்டுக்குப் போகத்தான் ஆசையாக இருந்தது.

சரி. அன்று மத்தியானம் மழை. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. எதிர்க் கட்டடம் இல்லை, தெரு இல்லை, மோனோரயில் தண்ணீருக்குள் போவதுபோல ஒரு முனகல் மட்டும் கேட்டது. மல்லிகை வாசம் மேலே வந்துவிட்டது. நான் கட்டிலில் படுக்காமல் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்ததும் வலது கால் தானாகக் கனத்தது.

ஸ்டெல்லா வந்தாள். போர்வை கலைந்திருக்கவில்லை, ஆனாலும் நீவினாள்.

"இன்னைக்கு நான் ஆன்டி இல்ல. அங்கிள். லோரி டிரைவர். சர்க்கரை, கால்ல புண்ணு. நீ தங்கச் சொல்ற, நான் வீட்டுக்குப் போறேன்," என்றேன்.

டீச்சர் திரைக்கு அந்தப் பக்கம் மணியைத் தட்டிவிட்டார். அதற்குப் பிறகு எல்லாம் இங்கிலீஷ்தான். நான் தமிழில் சொல்கிறேன்.

அங்கிள், எப்படி இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தாள். நன்றாக இருக்கிறேன், வீட்டுக்குப் போகிறேன் என்றேன். இரண்டு மூன்று நாள் இருப்பதைப்பற்றி யோசித்துப் பார்க்கலாமே என்றாள், ஒரு மைட்டைப் போட்டு. யோசித்துவிட்டேன், போகிறேன் என்றேன். இன்ஃபெக்‌ஷன் கொஞ்சம் பரவக்கூடும் என்றாள். கொஞ்சம்தானே என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் ஒத்துக்கொள்வேன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குனிந்து செருப்பைத் தேடி மாட்டினேன்.

எனக்கு அப்போது ஒரு மாதிரியாக இருந்தது. பேசுவது நான்தான், ஆனால் வார்த்தை அவருடையது. "நாளைக்கு லோட் இருக்கு சிஸ்டர், பாஸ் ஏசுவான்" என்றேன். "இந்தக் கால் இருபது வருஷமா பிரேக் போட்ட கால், ஒண்ணும் ஆகாது" என்றேன். அதெல்லாம் அவர் அன்றைக்குச் சொன்னவை. எனக்கு ஞாபகம் இருந்ததே எனக்குத் தெரியாது. எழுந்து, லேசாக நொண்டி, வாசல்வரைக்கும் போய்விட்டேன். கதவுப்பிடியில் கையையும் வைத்துவிட்டேன்.

பின்னால் சத்தமே இல்லை. மழை மட்டும் பெய்தது. உடைந்துவிட்டாள் என்று நினைத்தேன். டீச்சர் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

பிறகு என் காலடியில் ஏதோ அசைந்தது. ஸ்டெல்லா தரையில் குந்தி உட்கார்ந்திருந்தாள். என் வலது பாதத்தின் மேல் கையை வைத்து, அண்ணாந்து பார்த்தாள். கையை இடுப்பில் வைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"அங்கிள், யூ மஸ்ட் நாட் கோ ஹோம் டுடே."

ஒரே ஒரு மஸ்ட். அந்த வாரம் முழுக்க அவள் வாயிலிருந்து வந்த ஒரே மஸ்ட் அதுதான்.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. உங்களைக் கட்டிவைக்க என்னால் முடியாது, கதவு திறந்துதான் இருக்கிறது, முடிவு உங்களுடையது என்றாள். ஆனால் போனால் இந்தக் கால் போகும், காலோடு நிற்காமலும் போகலாம், அதை நான் மறைக்கக் கூடாது என்றாள். பாஸிடம் நான் பேசலாமா என்று கேட்டாள். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பெண்டாட்டி என்றேன். அவங்க இங்கேயே நாற்காலியில் தூங்கிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றாள். எது கடினமாக இருக்க வேண்டுமோ அது கடினமாக இருந்தது. மற்றதெல்லாம் மெத்தையாக இருந்தது.

நான் இன்னும் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவள் என் பாதத்திலிருந்து கையை எடுக்காமல், "உங்க வைஃப்கிட்டயே கேளுங்க அங்கிள். அவங்க என்ன சொல்றாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி எந்த அட்டையிலும் கிடையாது. எனக்கு அதற்கு இங்கிலீஷ் வரவில்லை.

"இருங்கன்னு சொல்றா," என்றேன் தமிழில்.

டீச்சரின் மணி எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை. அவர் திரையை விலக்கிப் பார்க்கும்போது நான் சுவரில் சாய்ந்து நின்றேன், ஸ்டெல்லா தரையில் இருந்தாள். அழுதது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ரெக்கார்டிங்கில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும், மழை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"ஆன்டி, இது நெஜமா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"கார்டுதான் லா. டீச்சர் எழுதினது."

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, மெதடிஸ்ட் கோயிலில் வாசகம் படிப்பவர். "பழைய கார்டு," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசிவரை அதற்குமேல் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவரிடம் நான் கற்றுக்கொண்டதில் அதுவும் ஒன்று.

மீதி இருந்த இரண்டு நாளும் நான் குணமாகவே இல்லை. எல்லாவற்றுக்கும் முரண்டு. ஊசி வேண்டாம், தையல் பிரிக்க வேண்டாம், பேரனுக்குத் தடுப்பு மருந்து வேண்டாம். ஸ்டெல்லாவும் சளைக்கவில்லை. "ஆன்டி இவ்ளோ மோசமானவங்கன்னு தெரியாமப் போச்சே" என்றாள். "இதுக்கே இப்படியா, என் மருமகளக் கேட்டுப் பாரு" என்றேன்.

பரீட்சை முடிந்து வந்தவள் நன்றாகச் செய்ததாகச் சொல்லவில்லை. வீட்டில் வழுக்கி விழுந்த ஒரு தாத்தா, கைத்தடி வேண்டாம் என்பவர், அதுதான் அவளுக்கு வந்த அட்டை. நோயாளியாக இருந்தவர் கடைசிவரை சரி என்று சொல்லவே இல்லையாம். "ஆனா நான் நிக்கல ஆன்டி," என்றாள். "குளியலறைக்கு மட்டும் தனியா போகக் கூடாதுன்னு கண்டிப்பா சொன்னேன். கைத்தடி என்ன கலரு, எங்க வைக்கறதுங்கறதெல்லாம் அவரு இஷ்டம்னு விட்டுட்டேன்." நான் அப்போது அவளுக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அது பழைய தலையாட்டல் மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்தாள். அந்த நாட்களில் கட்டிலில் படுத்தால் எனக்கு எந்த நோயும் சரியாக வரவில்லை.

பிறகு ஒரு காலையில் டீச்சர் போனைக் காட்டினார். எனக்குப் படிக்க வரவில்லை, ஆனால் அவர் முகத்தைப் படித்துவிட்டேன். தேறிவிட்டாள்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். எதிரே இருப்பவர்கள் தூங்காமல் வந்திருப்பார்கள், பாவமாகத்தான் இருக்கும். சில பேர் உங்கள் போர்வையைக்கூட நீவிவிடுவார்கள். அப்போதும் சீக்கிரம் குணமாகிவிடாதீர்கள். ஒருவர் உண்மையாகவே உங்களைப் பிடித்து நிறுத்தும்வரை செருப்பை மாட்டிக்கொண்டே இருங்கள். அதே சமயம் நிறுத்திவிட்டால் நின்றுவிட வேண்டும். வீம்புக்குப் போய்க்கொண்டே இருப்பவன் நடிகன், நோயாளி இல்லை. எப்போது நிற்பது என்று கேட்காதீர்கள். அதைக் கால் சொல்லும்.

ஸ்டெல்லா புறப்படுவதற்கு முதல் வாரம் என்னைப் பார்க்க பூச்சோங் பிளாட்டுக்கு வந்தாள். காலை டியூட்டி முடிந்து நேராக, வெள்ளை யூனிஃபார்மோடு, மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு. அரைமணி நேரம்கூட உட்காரவில்லை. குழந்தை என் வீட்டு மீன்தொட்டியில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது ஸ்டெல்லா வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டாள்.

அவள் லிஃப்டுக்குள் போனதும், எதிர் வீட்டு பாத்திமாவும் மேல்வீட்டு லெட்சுமியும் என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். நர்ஸ் வீடு தேடி வந்து, கையைப் பிடித்து, கண் கலங்கிப் போனதை இரண்டு பேரும் கம்பிக் கதவு வழியாகப் பார்த்திருக்கிறார்கள்.

"என்னக்கா ஆச்சு, நர்ஸ் வந்துட்டுப் போகுது?" என்றாள் பாத்திமா. அவள் வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக் கடை. மீன் குழம்பில் அவர் கைக்கு நிகர் வேறு யாரும் கிடையாது.

"என்னத்தச் சொல்ல," என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். "ரொம்பப் பெரிய நர்ஸ் அது. அயர்லாந்து போகப் போகுது. கண்டிப்பா சொல்லிட்டுப் போயிருச்சு. ஒரு வாரத்துக்கு நான் அடுப்படிப் பக்கம் போகக் கூடாதாம். மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டே ஆகணுமாம். ரசம் மட்டும், வேணும்னா லெட்சுமி வீட்லேர்ந்து வந்தாலும் வரலாமாம்."